மேற்கோள் எனும் கடன்: ஒரு மூட்டுவாதவியல் அறிஞரின் ஆய்வுப் பட்டியல்

ஓர் ஆய்வாளரின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது என்ற வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தனக்கேற்ற விடையைக் கண்டு வந்துள்ளது. ஆசிரியரின் பெயர், மாணவர் தொகை, எழுதிய நூல்களின் கனம் என்பன ஒரு காலத்தில் அளவுகோல்களாக இருந்தன. இன்று பல்கலைக்கழகங்களும் நிதி வழங்கும் நிறுவனங்களும் இரண்டு எண்களையே முதலில் கேட்கின்றன. ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை? அக்கட்டுரைகளைப் பிறர் தம் எழுத்தில் எத்தனை முறை சுட்டியிருக்கிறார்கள்? பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது, நாடு விட்டு நாடு செல்லும் வாய்ப்பு என அறிவுலகின் பெரும்பாலான கதவுகள் இவ்விரு எண்களைக் கொண்டே திறக்கின்றன.

இவ்வெண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை ஓர் உண்மையான உதாரணத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கெனத் துருக்கியின் மூட்டுவாதவியல் பேராசிரியர் ஹஸன் யாஸிஜியின் ஆய்வுப் பணியைத் தெரிவு செய்துள்ளோம். இதற்குக் காரணங்கள் இரண்டு. பெஹ்செத் நோய் பற்றிய ஆய்வில் உலகம் அதிகம் சுட்டுகின்ற பெயர்களுள் அவருடையதும் ஒன்று. அத்தோடு, பிறர் எழுத்தைப் பெயர் சொல்லாது எடுத்துக்கொள்வது குறித்துப் பகிரங்கமாகப் பேசியதற்காக அவர் ஒரு வழக்கில் பிரதிவாதியாக நின்று, பல ஆண்டுகள் போராடவும் நேர்ந்தது. மேற்கோள் என்ற ஒன்றின் இரு பக்கங்களும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்தித்திருக்கின்றன.

எண்ணும் முறை பிறந்த வரலாறு

மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தும் பழக்கம் அறிவியலில் தோன்றியதன்று, சட்டத்துறையில் தோன்றியது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்த நீதிமன்றங்கள் ஏற்றன, எவை நிராகரித்தன என்பதை வழக்கறிஞர் அறிந்தாக வேண்டும். இத்தேவைக்காக அமெரிக்காவில் ‘ஷெப்பர்ட்’ என்பவரின் பெயரால் 1873 முதல் தீர்ப்பு மேற்கோள் தொகுப்புகள் வெளிவந்தன. இம்முறையை அறிவியலுக்குக் கொண்டு வந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் அவர் இந்த யோசனையை முன்வைத்தார். பிலடெல்பியாவில் அவர் நிறுவிய அறிவியல் தகவல் நிறுவனம் 1960களின் நடுப்பகுதி முதல் ‘அறிவியல் மேற்கோள் அட்டவணை’யைத் தொடர்ச்சியாக வெளியிடலாயிற்று.

கார்ஃபீல்டின் முதல் நோக்கம் ஆய்வாளர்களைத் தரம் பிரிப்பதாக இருக்கவில்லை. ஒரு கருத்து எங்கே தோன்றி, யார் கைகளில் வளர்ந்து, எங்கே மறுக்கப்பட்டது என்பதைத் தேடிச் செல்பவருக்கு ஒரு வழிகாட்டியையே அவர் அமைக்க விரும்பினார். ஆயினும் எண்ண முடிந்த ஒன்றை மனிதர் எண்ணாமல் விடுவதில்லை. 1970களின் நடுவில் ஆய்விதழ்களுக்கான ‘தாக்கக் காரணி’ ஆண்டுதோறும் வெளிவரத் தொடங்கியது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் பெற்ற மேற்கோள்களை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் சராசரியே அது. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் தனிமனிதருக்கென ‘எச்-சுட்டெண்’ என்ற அளவை முன்மொழிந்தார். ஒருவரின் கட்டுரைகளுள் 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை சுட்டப்பட்டிருப்பின், அவரது எச்-சுட்டெண் 40 ஆகும்.

இக்கணக்கு எளிமையானது. அதன் ஆபத்தும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. இருபது கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் சரியாக இருபது முறை சுட்டப்பட்டவருக்கும், இருபது கட்டுரைகளுள் ஒன்று ஐயாயிரம் முறை சுட்டப்பட்டு ஏனையவை இருபது முறை மட்டும் சுட்டப்பட்டவருக்கும் எச்-சுட்டெண் ஒன்றே. மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஒரு கட்டுரை அந்த எண்ணுக்குள் அடையாளமின்றிக் கரைந்துவிடுகிறது.

பட்டுப் பாதையின் நோய்

யாஸிஜியின் ஆய்வுப் பட்டியலை வாசிக்கப் புகுமுன், அவர் ஆராய்ந்த நோயைச் சற்று அறிந்திருத்தல் அவசியம். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவப் பேராசிரியர் ஹுலூசி பெஹ்செத் (1889-1948), வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி ஆகிய மூன்றும் ஒருசேரத் திரும்பத் திரும்ப வரும் நோயாளர்களைப் பல்லாண்டுகள் கவனித்து, 1937இல் ஜெர்மன் மொழித் தோல் மருத்துவ இதழொன்றில் அதனைத் தனி நோயாக விவரித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கிரேக்கக் கண் மருத்துவர் பெனடிக்டோஸ் அடமாந்தியாதிஸ் இத்தகைய நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார். ஆகவே சில நூல்களில் இருவர் பெயராலும் இந்நோய் வழங்கப்படுகிறது. யார் முதலில் சொன்னார் என்ற கேள்வி இந்நோயின் பெயரிலேயே பதிந்திருப்பது நம் தலைப்பை நோக்கக் கவனத்திற்குரியது.

இந்நோய் உடலெங்கும் உள்ள சிறிய, பெரிய இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குகின்றது. தோல், மூட்டு, கண், மூளை, நுரையீரல் நாளங்கள் என எதுவும் அதற்கு விலக்கன்று. வாய்ப்புண்ணோடு தொடங்கும் துன்பம் சிலருக்குப் பார்வையைப் பறிப்பதில் போய் முடிகிறது. மத்தியதரைக் கடலோரம் முதல் ஈரான் வழியே ஜப்பான் வரை, பண்டைய பட்டுப் பாதையை ஒட்டிய நாடுகளில் இது மிகுதி என்பதால் ‘பட்டுப் பாதை நோய்’ என்ற பெயரும் அதற்கு உண்டு. துருக்கியில் நடந்த கள ஆய்வுகள், ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 20 முதல் 420 வரையானோர் இந்நோய்க்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டுள்ளன. வட ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது அரிதான நோய்.

இவ்வேறுபாடு மேற்கோள் கணக்கில் நேரடியாகப் பிரதிபலிக்கின்றது. ஒரு நோயைப் பற்றி உலகில் எத்தனை பேர் எழுதுகிறார்களோ, அந்த அளவுக்கே அந்நோய் ஆய்வாளருக்கு மேற்கோள் கிடைக்கும். எங்கும் பரவியுள்ள முடக்குவாதத்தை ஆராய்பவரைச் சுட்டப் பல்லாயிரம் பேர் காத்திருக்கின்றனர். பெஹ்செத் நோயை ஆராய்பவரைச் சுட்டக்கூடிய வட்டம் மிகச் சிறியது. இரு துறையினரின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது, பெருநகரக் கடையின் வரவையும் மலைக்கிராமக் கடையின் வரவையும் ஒப்பிட்டு வணிகரின் நேர்மையை அளப்பது போன்றதாகும்.

ஜெர்ராஹ்பாஷாவின் பதிவேடு

1977இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் ஜெர்ராஹ்பாஷா மருத்துவ பீடத்தில் பெஹ்செத் நோயாளருக்கென்றே தனியான வெளிநோயாளர் பிரிவு தொடங்கப்பெற்றது. மூட்டுவாத மருத்துவர், தோல் மருத்துவர், கண் மருத்துவர் ஆகியோர் ஒரே இடத்தில் ஒரே நோயாளரைப் பார்ப்பது அதன் சிறப்பம்சம். வரும் ஒவ்வொருவரின் விவரமும் ஒழுங்காகப் பதியப்பட்டது. யாஸிஜியும் அவருடைய சக மருத்துவர்களும் பின்னர் எழுதிய கட்டுரைகளுட் பெரும்பாலானவற்றின் வேர் இந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது. இப்பீடம் 2018 முதல் ‘இஸ்தான்புல் பல்கலைக்கழகம்-ஜெர்ராஹ்பாஷா’ என்ற தனிப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது.

பட்டியலின் முக்கியமான சில கட்டுரைகளைக் கால வரிசையில் நோக்குவோம்.

1984இல் வெளிவந்த ஆய்வு, நோய் தொடங்கும் வயதும் நோயாளரின் பாலினமும் நோயின் கடுமையைத் தீர்மானிப்பதை எடுத்துக் காட்டியது. இளம் வயதில் நோய்வாய்ப்பட்ட ஆண்களே அதிகம் பாதிப்புறுகின்றனர் என்பது அதன் முடிவு. யாருக்கு உடனடியாகத் தீவிர சிகிச்சை வேண்டும், யாரை வீணாகக் கடும் மருந்துகளுக்கு உட்படுத்தலாகாது என்ற தெளிவு இதனால் ஏற்பட்டது.

1990இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ அசத்தியோபிரின் என்ற மருந்து பற்றிய சோதனையை வெளியிட்டது. யாஸிஜியின் பெயர் முதலில் நிற்கும் இக்கட்டுரையில் துருக்கியக் கண், தோல் மருத்துவர்களும் பிரித்தானிய ஆய்வாளர்களும் இணைந்திருந்தனர். 73 ஆண் நோயாளர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மறுபிரிவினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் இரண்டு ஆண்டுகள் வழங்கப்பட்டன. யாருக்கு எது கிடைக்கிறது என்பதை நோயாளரும் அறியார், மருத்துவரும் அறியார். ஏற்கனவே கண் பாதிப்புற்றிருந்தோருள், வெற்று மாத்திரை பெற்ற ஆறு பேர் கடுமையான கண் நோயால் சோதனையிலிருந்து விலக்கப்பட வேண்டியவர்களாயினர். மருந்து பெற்றோருள் அவ்வாறு விலக்கப்பட்டவர் ஒருவருமில்லை. கண் இன்னும் பாதிக்கப்படாதோரிடத்தும் புதிதாகக் கண் நோய் தோன்றுவதை இம்மருந்து குறைத்தது. பார்வையைக் காக்கும் ஒரு வழிக்கு முறையான சான்று கிடைத்த தருணம் அது.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அதே நோயாளர்களைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிச் சென்று, ஆரம்பத்திலேயே மருந்து பெற்றவர்களின் நிலை பின்னாளிலும் மேம்பட்டிருப்பதை 1997இல் அறிவித்தனர். 2001இல் கொல்சிசின் பற்றிய சோதனை வெளிவந்தது. அரபு மருத்துவ நூல்களில் ‘சூரின்ஜான்’ என்று வழங்கிய மூலிகையிலிருந்து பெறப்படும் இம்மருந்து, பெஹ்செத் நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 116 நோயாளரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த சோதனையின் முடிவு நிதானமானது: பெண்களுக்குப் பிறப்புறுப்புப் புண், தோல் முடிச்சு, மூட்டு வீக்கம் ஆகியன குறைந்தன; ஆண்களுக்கு மூட்டுத் துன்பம் மட்டுமே குறைந்தது; வாய்ப்புண்ணில் பயன் தென்படவில்லை. எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் கொடுக்கப்பட்டு வந்த மருந்தின் எல்லை இவ்வாறு வரையறுக்கப்பட்டது. இதைப் பரபரப்பான கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்லமாட்டார். ஆயினும் மருத்துவருக்கு நாளாந்தம் உதவுவது இத்தகைய அறிவே.

2003இல் வெளிவந்த நீண்டகால ஆய்வு இப்பட்டியலில் தனியிடம் பெறத்தக்கது. அப்பிரிவில் ஆரம்ப ஆண்டுகளில் பதிவு செய்யப்பட்ட 387 நோயாளர்களை ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின் தேடியபோது, 333 பேரின் நிலையை அறிய முடிந்தது. 42 பேர் இறந்திருந்தனர். அவர்களுள் 39 பேர் ஆண்கள். இளம் ஆண்களிடையே மரண விகிதம் அதிகமாயிருந்தது என்பதும், காலப்போக்கில் அவ்விகிதம் தணிந்தது என்பதும் தெரியவந்தன. பெரும்பாலோரிடம் நோயின் வேகம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. மூளையையும் பெரிய நாளங்களையும் தாக்கும் வகை மாத்திரம் தாமதமாகவும் தோன்றலாம். புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஓர் இளைஞனிடம் அவனது எதிர்காலம் பற்றி மருத்துவர் என்ன சொல்லலாம் என்பதற்கு இவ்வாய்வு விடை தந்தது. இதனை எழுத இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் கட்டுரை எண்ணும் எந்த முறையாலும் அக்காத்திருப்புக்கு மதிப்பெண் இட முடியாது.

இதே மரபின் தொடர்ச்சியாக, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பின் 2008ஆம் ஆண்டுச் சிகிச்சைப் பரிந்துரைகளும், அப்ரெமிலாஸ்ட் என்ற மருந்து பற்றிய 2015ஆம் ஆண்டின் சோதனையும் வெளிவந்தன. அம்மருந்து பற்றிய அடுத்தகட்டப் பன்னாட்டுச் சோதனை ஜெர்ராஹ்பாஷாவின் குலென் ஹாதெமியின் தலைமையில் 207 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியானது. அதே ஆண்டில் பெஹ்செத் நோயின் வாய்ப்புண்களுக்கென அம்மருந்தை அமெரிக்க அரசு அங்கீகரித்தது. மாணவர் தலைமுறை ஒன்று உருவாகி ஆசிரியரின் பணியை முன்னெடுத்துச் சென்றமைக்கு இது சான்று.

எண்கள் சொல்லாதவை

இப்பட்டியலை மேற்கோள் கணக்கோடு சேர்த்து வாசிக்கும்போது சில உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, அதிகம் சுட்டப்படும் எழுத்து அதிக உழைப்பின் விளைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1990இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பெஹ்செத் நோயின் கண்டறி நெறிகள் இத்துறையில் மிக அதிகமாகச் சுட்டப்படுவனவற்றுள் ஒன்று. ஓராண்டில் மூன்று முறையேனும் வாய்ப்புண் வந்திருத்தல். அத்தோடு பிறப்புறுப்புப் புண், கண் பாதிப்பு, தோல் பாதிப்பு, ஊசி குத்திய இடத்தில் கொப்புளம் எழும் ‘பாதெர்ஜி’ விளைவு ஆகியவற்றுள் இரண்டு இருத்தல் என்பதே அந்நெறி. ஏழு நாடுகளின் 12 மையங்களிலிருந்து 914 நோயாளரின் தகவல்களைக் கொண்டு அது வகுக்கப்பட்டது. இந்நோய் பற்றி எழுதும் எவரும் தம் நோயாளர் உண்மையில் இந்நோயாளரே என நிறுவ அதைச் சுட்டியாக வேண்டும். ஆகவே அம்மேற்கோள்கள் பெரும்பாலும் ஓர் அளவுகோலுக்குக் கிடைக்கும் மேற்கோள்கள். மேலும், அக்கட்டுரையின் ஆசிரியர் என நிற்பது ‘பன்னாட்டு ஆய்வுக் குழு’ என்ற பெயரே. யாஸிஜி உள்ளிட்ட பலர் அக்குழுவின் உறுப்பினர். கூட்டாகச் செய்த பணியைத் தனிமனிதக் கணக்கு எப்படிப் பங்கிடும் என்ற கேள்விக்கு இன்றுவரை திருப்தியான விடை இல்லை.

இரண்டாவது, மேற்கோள் என்பது பாராட்டு ஆகாது. ஒரு கருத்தை மறுப்பவரும் அதனைச் சுட்டியே மறுக்கின்றார். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை பிழையானது என 2010இல் அவ்விதழ் மீட்டுக்கொண்டது. ஆனால் அக்கட்டுரை மிக அதிகமாகச் சுட்டப்பட்டவற்றுள் ஒன்றாகவே இருந்து வருகின்றது. எண்ணும் இயந்திரம் ஏற்பையும் மறுப்பையும் பிரித்தறிவதில்லை.

மூன்றாவது, பெயரின் சிக்கல். ‘யாஸிஜி’ என்பது துருக்கியில் ‘எழுத்தர்’ என்று பொருள்படும் பரவலான குடும்பப் பெயர். துருக்கிய மொழியில் புள்ளியுள்ள ‘இ’ வேறு, புள்ளியில்லாத ‘இ’ வேறு. பன்னாட்டு அட்டவணைகளில் இவ்வேறுபாடு மறைகிறது. பெயரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் ஒத்த பல மருத்துவரின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் சேரவும், ஒருவரின் கட்டுரைகள் சிதறிப் போகவும் இடமுண்டு. ஆய்வாளருக்கு 16 இலக்க அடையாள எண் வழங்கும் ‘ஓர்கிட்’ திட்டம் 2012இல் தொடங்கப்பட்டதற்கு இத்தகைய குழப்பங்களே காரணம். அத்தோடு ‘வெப் ஒஃப் சயன்ஸ்’, ‘ஸ்கோப்பஸ்’, ‘கூகுள் ஸ்கொலர்’ ஆகிய மூன்று தரவுத்தளங்களும் வெவ்வேறு இதழ்களை எண்ணுவதால் ஒரே மனிதருக்கு மூன்று வேறுபட்ட எச்-சுட்டெண்கள் கிடைக்கின்றன. எந்தத் தளம், எந்த நாள் என்று குறிப்பிடாத எண் பொருளற்றது.

நான்காவது, மிகப்பெரிய புகழ் மேற்கோளே இல்லாத புகழாகும். ஒரு கண்டுபிடிப்பு எல்லோரும் அறிந்த பொது அறிவாகிவிட்டால் அதன் மூலக்கட்டுரையை யாரும் சுட்டுவதில்லை. சமூகவியலாளர் ரொபர்ட் மெர்ட்டன் இதைச் ‘சேர்ந்து கரைந்து மறைதல்’ என்ற பொருள்படக் குறித்தார். பெஹ்செத்தின் பெயரை உலகெங்கும் மருத்துவர்கள் நாள்தோறும் உச்சரிக்கின்றனர். அவர்களுள் அவரது 1937ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் குறிப்பவர் மிகச் சிலரே.

பெயர் சொல்லாத கடன்

மேற்கோளின் இயல்பு யாது? அது கடன் ஒப்புதல். ‘இந்த அறிவை இன்னாரிடமிருந்து பெற்றேன்’ என்று எழுத்தில் சாட்சி கூறுவதே அதன் சாரம். ஆகவே மேற்கோள் அட்டவணை எண்ணுவது ஒப்புக்கொள்ளப்பட்ட கடன்களை மட்டுமே. ஒப்புக்கொள்ளாமல் எடுத்தவற்றை அது காண்பதில்லை. யாஸிஜியின் வாழ்வின் மறுபக்கம் இங்குதான் தொடங்குகின்றது.

துருக்கியில் 1980ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சியை அடுத்து, பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் மேற்பார்வையிட 1981இல் உயர்கல்வி மன்றம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் இஹ்ஸான் தோராமஜி. ஹாஜத்தெப்பே, பில்கெந்த் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் தோற்றத்துக்கும் காரணமானவர். நாட்டின் செல்வாக்கு மிக்க கல்வியாளர். அன்னையருக்கென அவர் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் துருக்கியில் பரவலாக வாசிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ‘மில்லியெத்’ நாளிதழில் யாஸிஜி ஒரு கட்டுரை எழுதினார். அதில், அந்நூல் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக் 1946இல் வெளியிட்ட புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலிலிருந்து உரிய முறையில் பெயர் கூறாது எடுத்தாண்டுள்ளது எனக் குற்றஞ்சாட்டினார். தோராமஜி இதனை மறுத்து, தமது நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டதாக வழக்குத் தொடுத்தார்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இரு நூல்களையும் ஒப்பிட நீதிமன்றம் நியமித்த நிபுணர்களின் அறிக்கைகளே விவாதத்தின் மையமாயின. குழந்தை வளர்ப்புக் கைந்நூலில் வருபவை யாவருக்கும் பொதுவான தகவல்கள். அவற்றுக்கு மூலம் காட்ட வேண்டியதில்லை என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. இறுதியில் துருக்கிய நீதிமன்றங்கள் யாஸிஜிக்கு எதிராகத் தீர்ப்பளித்து இழப்பீடு செலுத்தப் பணித்தன. அவர் 2007இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடினார். 2014 ஏப்ரல் 15ஆம் திகதி அந்நீதிமன்றம், கருத்து வெளியிடும் உரிமையைக் காக்கும் ஐரோப்பிய உடன்படிக்கையின் 10ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. நூலில் எழுத்துத் திருட்டு உண்டா என்பதைத் தீர்மானிப்பது அந்நீதிமன்றத்தின் வேலையாக இருக்கவில்லை. பொது நலன் சார்ந்த விடயத்தில், பொது வாழ்வில் உள்ள ஒருவரைப் பற்றி ஓர் அறிஞர் கேள்வி எழுப்பும் உரிமையை உள்நாட்டு நீதிமன்றங்கள் உரியவாறு எடைபோடவில்லை என்பதே பிரச்சினை. தீர்ப்பு வந்தபோது தோராமஜி உயிருடன் இல்லை. அவர் 2010இல் காலமாகியிருந்தார்.

நாளிதழ்க் கட்டுரை முதல் இறுதித் தீர்ப்பு வரை பதினான்கு ஆண்டுகள் கடந்தன. அக்காலத்தில் செலவான நேரத்தையும் மன உறுதியையும் எந்த அட்டவணையும் எண்ணாது. ‘மில்லியெத்’ கட்டுரை ஓர் ஆய்விதழ்க் கட்டுரையன்று. எனவே அவரது எச்-சுட்டெண்ணில் அதன் பங்கு பூச்சியம். எனினும் அறிவுலகம் முழுவதும் எதன் மீது நிற்கின்றதோ, மேற்கோள் எண்ணும் கணக்கும் எதன் மீது நிற்கின்றதோ, அந்த நேர்மை பற்றியே அக்கட்டுரை பேசியது. கடனை ஒப்புக்கொள்வது கட்டாயம் என்ற விதி தளர்ந்தால், ஒப்புக்கொண்ட கடன்களின் கூட்டுத்தொகைக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

அளவுகோல்கள் மீதான மறுபரிசீலனை

எண்களின் ஆட்சி எல்லை மீறியதை அறிவுலகமே உணரத் தொடங்கியுள்ளது. துருக்கியின் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வு மன்றம் 1993 முதல் பன்னாட்டு இதழ்களில் எழுதும் ஆய்வாளருக்குப் பண ஊக்குவிப்பு வழங்கி வந்தது. ஹாஜத்தெப்பே பல்கலைக்கழகத்தின் தகவலியல் பேராசிரியர் யஷார் தொன்தா இத்திட்டத்தை ஆராய்ந்து, கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகியமைக்கு அப்பணம் குறிப்பிடத்தக்க காரணமாக அமையவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடலாகாது என 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்கள் வகுத்த பிரகடனம் அடுத்த ஆண்டு வெளியானது. எண்கள் நிபுணரின் மதிப்பீட்டுக்குத் துணை நிற்கலாமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கலாகாது எனக் கூறும் ‘லைடன் அறிக்கை’ 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. எச்-சுட்டெண்ணை உருவாக்கிய ஹிர்ஷ் அவர்களே, தம் அளவுகோல் எதிர்பாராத தீய விளைவுகளைத் தரக்கூடும் என 2020இல் எழுதினார்.

யாஸிஜியின் எழுத்துகளும் இத்திசையில் நமக்குப் பயன் தருவன. சான்று சார்ந்த மூட்டுவாதவியல் பற்றி 2014இல் வெளிவந்த நூலொன்றின் பதிப்பாசிரியர்களுள் அவரும் ஒருவர். நோயைக் கண்டறியும் நெறிகளும் ஆய்வுக்காக நோயாளரை வகைப்படுத்தும் நெறிகளும் அடிப்படையில் வேறானவை அல்ல. எந்த இடத்தில், எத்தகைய நோயாளரிடையே பயன்படுத்துகிறோம் என்பதே அவற்றின் பொருளைத் தீர்மானிக்கின்றது என 2009இல் அவர் வாதிட்டார். வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் உடைய ஒருவருக்குப் பெஹ்செத் நோய் இருக்கும் வாய்ப்பு இஸ்தான்புல்லில் ஓர் அளவு; அந்நோய் அரிதான ஊரில் வேறோர் அளவு. நெறி ஒன்றே, அதன் முடிவின் நம்பகத்தன்மை இடத்துக்கு இடம் மாறுகிறது. இக்கருத்தை மேற்கோள் கணக்குக்கும் பொருத்திப் பார்க்கலாம். நாற்பது என்ற எண் எந்தத் துறையில், எத்தனை பேர் எழுதும் களத்தில், எத்தனை ஆண்டு உழைப்பில் பெறப்பட்டது என்று அறியாதவரை அது வெறும் எண்ணே.

முடிவாக

ஆய்வு வெளியீடுகளையும் மேற்கோள்களையும் எண்ணுவது பயனற்றது என்பது நமது வாதமன்று. ஒரு கருத்து எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதை அறிய அதைவிட விரைவான வழி இல்லை. செல்வாக்குள்ளவரின் சிபாரிசை மட்டுமே நம்பிப் பதவி வழங்கிய காலத்தோடு ஒப்பிடும்போது, எவரும் சரிபார்க்கத்தக்க எண் ஒருவகை நீதியையும் தந்தது. ஆனால் அந்த எண் பட்டியலை வாசிப்பதற்கான அழைப்பாக மட்டுமே இருத்தல் வேண்டும். வாசிப்பதிலிருந்து விடுபடுவதற்கான சலுகையாக மாறிவிடலாகாது.

ஓர் ஆய்வாளரை மதிப்பிட அமர்பவர் அவரது சிறந்த கட்டுரைகள் நான்கைந்தை முழுமையாக வாசிக்கட்டும். அக்கட்டுரைகளால் யாருடைய துன்பம் குறைந்தது என்று கேட்கட்டும். பயனளிக்காத சிகிச்சையைப் பயனளிக்கவில்லை என்று துணிந்து எழுதினாரா, தம்மோடு உழைத்தவருக்கும் தமக்கு முன் சொன்னவருக்கும் உரிய இடம் வழங்கினாரா, தமக்குப் பின் பணியைத் தொடர மாணவரை உருவாக்கினாரா என்றும் பார்க்கட்டும். இவ்வினாக்களுக்கு விடை காண ஒரு மாலைப்பொழுது செலவாகும். எச்-சுட்டெண்ணைப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு மாலையைச் செலவிட மனமில்லாத மதிப்பீட்டாளரிடம், இருபது ஆண்டுகள் பொறுத்திருந்து 387 நோயாளரின் கதையை எழுதிய ஓர் ஆய்வாளர் நீதியை எதிர்பார்க்க இயலாது.